வீடு காலி, ஆனால் நமக்கில்லை!



மும்பை மின்சார இரயிலில் பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி, என்ன மதம் என்று எவரும் கேட்பதில்லை. விரார் வண்டியிலும் கல்யாண் வண்டியிலும் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறோம். பயணச்சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் நம் போன்ற குமாஸ்தாக்களும் பெயரைக் கேட்டுச் சீட்டுக் கிழிப்பதில்லை. ஆனால் அதே பயணி வண்டியை விட்டு இறங்கி, வாடகைக்கு ஒரு வீடு வேண்டும் என்று போய் நின்றால் மூன்று கேள்விகள் வருகின்றன. முதல் கேள்வி பெயர். இரண்டாவது ஊர். மூன்றாவது சாப்பாடு. இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் வாடகை எவ்வளவு என்ற பேச்சே தொடங்கும். பலருக்கு அந்தப் பேச்சு தொடங்குவதே இல்லை.

இந்த மூன்று கேள்விகளைப் பற்றியும், இவற்றைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் உண்டா, இல்லையா என்பது பற்றியும் நாம் தெளிவாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. தாராவி, ஆன்டாப் ஹில், சயான் கோலிவாடா, மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று நம் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த இடங்களில் பழைய அறைகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் வருகின்றன. புது வீடு கைக்கு வரும்வரை குடும்பங்கள் வாடகைக்குப் போயாக வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போக வேண்டும். இரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவர் ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே இது எவரோ நாலு பேருடைய கவலை அல்ல.

கதவு எப்படி மூடப்படுகிறது?

"சாதி பார்த்துத்தான் மறுக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லும் வீட்டுக்காரர் இந்நகரில் அரிது. எல்லாம் நயமாக நடக்கும். தரகர் தொலைபேசியில் "வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்பார். பெயரைச் சொன்னதும் ஒரு நொடி மௌனம். பிறகு, "நேற்றே போய்விட்டது". அடுத்த வாரமும் அந்த வீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு இடத்தில் வீட்டுக்காரர் நல்லவர். அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் "சொசைட்டிவாலே நஹி மானேங்கே", அதாவது சொசைட்டிக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். சொசைட்டிச் செயலாளரைக் கேட்டால் அவருக்கும் ஆட்சேபணை இல்லை. "மெம்பர்கள் விரும்பமாட்டார்கள்" என்பார். யாருக்குமே ஆட்சேபணை இல்லை. ஆனால் வீடு மட்டும் கிடைக்காது!

இவை எல்லாவற்றையும் மூடி மறைக்கும் போர்வைதான் "மச்லி, மட்டன் நஹி சலேகா" என்பது. சைவ உணவு உண்பது ஒருவர் உரிமை. அதை நாம் மதிக்கிறோம். அடுத்தவர் வீட்டு அடுப்பில் கருவாடு பொரிந்தால் தன் வீடு தீட்டாகிவிடும் என்று சொல்வது வேறு விஷயம். 2019–21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயது முதல் 49 வயது வரை உள்ள ஆண்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எப்போதாவது மீனோ இறைச்சியோ உண்பவர்கள். பெரும்பான்மை மக்கள் உண்ணும் உணவை வைத்து ஒரு கட்டடம் கதவடைக்கிறது என்றால், அது வடிகட்டுவது உணவை அல்ல. உணவைக் கேட்டால் சாதி தெரியும், மதம் தெரியும் என்பதால்தான் கேட்கிறார்கள். "நாங்கள் சுத்த சைவம்" என்று சொல்லும் தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்கோ, முட்டைகூடத் தொடாத முஸ்லிம் இளைஞருக்கோ அந்தக் கட்டடத்தில் வீடு கிடைத்துவிடுகிறதா? அதைக் கேட்டுப் பாருங்கள், உண்மை தெரியும்.

இது வெறும் மனத்தாங்கல் என்று சிலர் சொல்லலாம். பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் 2012இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே தகுதியுள்ளவர்களாக, பெயர் மட்டும் வேறாக, வாடகைக்கு வீடு கேட்டார்கள். அதன் முடிவு 2015இல் வெளியானது. தொலைபேசியில் கேட்டபோது உயர்சாதிப் பெயர் சொன்ன எவருக்கும் முகத்திலடித்தாற்போல் 'இல்லை' என்ற பதில் வரவில்லை. தலித் பெயர் சொன்னவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், முஸ்லிம் பெயர் சொன்னவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கும் அந்தப் பதில் வந்தது. மற்றவர்களில் பலருக்கும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. மறுக்கப்பட்டவர் எங்கே போவார்? எங்கே ஏற்கிறார்களோ அங்கே போவார். கேட்ட டெபாசிட்டைக் கொடுப்பார். 1992–93 கலவரத்துக்குப் பிறகு மும்ப்ரா எப்படிப் பெருகியது என்று நம் திருநெல்வேலிச் சீமை முஸ்லிம் சகோதரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வரலாறு சொல்வது என்ன?

இந்நோய் நேற்று வந்ததல்ல. ஆசியாவிலேயே முதல் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் என்று சொல்லப்படுவது 1915இல் பம்பாய் காம்தேவியில் தொடங்கிய சாரஸ்வதர் சங்கம். பெயரிலேயே சமூகம் இருக்கிறது. புதிய நகரத்துக்கு வந்தவர்கள் தம்மவரோடு சேர்ந்து ஒரு கூரை தேடியது இயல்பு. அதில் குற்றம் காண வேண்டியதில்லை. ஆனால் தங்குவதற்காகக் கட்டிய கூரை, நாளடைவில் பிறரைத் தடுக்கும் மதில் ஆகிவிட்டது.

அந்த மதிலுக்கு வெளியே நின்ற அனுபவம் தமிழனுக்கு நிறைய உண்டு. 1966இல் சிவசேனை தோன்றிய பிறகு 'மதராசி' என்ற சொல்லும், லுங்கியைக் கேலி செய்த முழக்கமும் இந்நகரத் தெருக்களில் எப்படி ஒலித்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1981இல் நடைபாதைக் குடிசைகளை அரசு இடித்துத் தள்ளியபோது உச்சநீதிமன்றம் வரை போனவர்களில் சேலத்துக்காரர் ஒருவரும் உண்டு. நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்தவர். நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் கட்டிய இடத்துக்கு ஒரு குடிசைத் தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதவர். 1981 ஜூலை 23ஆம் நாள் அந்தக் குடிசையை இடித்து, குடும்பத்தோடு அவரைப் பேருந்தில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அவர் வேலை தேடி மீண்டும் வந்தார். 1985இல் வந்த அந்தத் தீர்ப்பு, உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது; ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் நமக்கு வெற்றி, தெருவில் தோல்வி.

சக்கரம் எப்படிச் சுழல்கிறது பாருங்கள். 2023இல் இதே மும்பையின் முலுண்டில், மராத்திக்காரர்களுக்கு இடமில்லை என்று ஒரு மராத்திப் பெண்ணுக்கு அலுவலகத்துக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. மண்ணின் மைந்தர் என்று பேசியவர்களின் மக்களுக்கே அந்த மண்ணில் கதவடைப்பு! இதைக் கண்டு மகிழ நமக்கு ஒன்றுமில்லை. மறுக்கும் பழக்கத்தை ஒரு முறை அனுமதித்தால் அது யார் வாசலுக்கும் வரும் என்பதே பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 19ஆவது விதி, இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் நிலைத்து வாழவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. 15ஆவது விதியின் இரண்டாம் பிரிவு, கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி மதம் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வீடு இல்லை. ஆனால் 'கடை' என்ற சொல்லை மிக விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே விளக்கினார். அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு 2011இல் உச்சநீதிமன்றமும் அச்சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. அப்படியானால் வீடு விற்கும் பில்டரின் அலுவலகம் கடையா, இல்லையா? வாடகைத் தரகரின் அறை கடையா, இல்லையா? கடைதான் என்பது நம் வாதம்.

ஆனால் 2005இல் வேறொரு தீர்ப்பு வந்தது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் தரும் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கு அது. அப்படி விதி வைத்துக்கொள்வது சங்கம் அமைக்கும் உரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் வீட்டுப் பத்திரங்களில் 'கறுப்பருக்கு விற்கக் கூடாது' என்று எழுதிவைத்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1948லேயே தீர்ப்பளித்தது. 57 ஆண்டுகள் கழித்து நம் நாட்டில் தீர்ப்பு எதிர்த்திசையில் போனது. ஆயினும் அத்தீர்ப்பில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. குறிப்பிட்ட மதத்தாருக்கோ நம்பிக்கையாளருக்கோ வட்டாரத்தாருக்கோ மட்டும் சங்கம் வைக்கக் கூடாது என்று கூட்டுறவுச் சட்டங்களில் திருத்தம் வராதவரை, இத்தகைய விதியைச் செல்லாது என்று சொல்ல முடியாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. பந்தைச் சட்டமன்றத்தின் பக்கம் தள்ளிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பந்து கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

சட்டமே இல்லையா? உண்டு. நம்மில் பலர் அறியாத சட்டம் ஒன்று 1955 முதல் இருக்கிறது. தீண்டாமைக் குற்றச் சட்டமாகப் பிறந்து 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமை காரணமாக எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுப்பது அதன் 4ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 முதல் 500 ரூபாய். வீடு வாடகைக்கு விட மறுப்பதையும் 7ஆவது பிரிவு புறக்கணிப்பு என்ற கணக்கில் சேர்த்திருக்கிறது. இன்னும் முக்கியமானது 12ஆவது பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அச்செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். 'அப்படி இல்லை' என்று மெய்ப்பிக்க வேண்டியவர் மறுத்தவர்தான். 'நான் சாதி பார்க்கவில்லை, சாப்பாடுதான் பார்த்தேன்' என்பவர் அதைக் கூண்டில் ஏறி நிரூபிக்கட்டும். இவ்வளவு கூர்மையான ஆயுதத்தை உறையிலேயே துருப்பிடிக்க விட்டிருக்கிறோம்.

ஆனால் இச்சட்டம் முஸ்லிமுக்குப் பயன்படாது. கிறித்தவருக்கும், வேற்று மாநிலத்தாருக்கும், தனித்து வாழும் பெண்ணுக்கும் பயன்படாது. இவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017இல் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்காக நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 2019இல் திருநர்களுக்காக ஒரு சட்டம் செய்தது. இரண்டிலும், எந்தச் சொத்திலும் குடியிருக்கவோ, வாங்கவோ, வாடகைக்கு எடுக்கவோ உள்ள உரிமையை மறுப்பது கூடாத பாகுபாடு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆக, அந்த வாக்கியத்தை எழுத நம் ஆட்சியாளருக்குத் தெரியும். ஒரு முறையல்ல, இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். அதை எல்லாக் குடிமக்களுக்கும் எழுதுவதற்கு மட்டும் ஏன் பேனா நகரவில்லை? 2021இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். வீட்டு டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. வாடகை நீதிமன்றம் இருக்கிறது. சாதி, மதம் பார்த்து மறுக்கக் கூடாது என்ற ஒரு வரி இல்லை. பாகுபாட்டுக்கு எதிராக 2017இல் மக்களவையில் வைக்கப்பட்ட தனிநபர் மசோதாவும் அந்த அவையின் ஆயுளோடு காலாவதியாகிவிட்டது.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோ நகரில் வீட்டு உரிமைக்காகப் போராடினார். 1968 ஏப்ரல் 4 அன்று அவர் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வாடகைக்கு விட மறுப்பது, காலியாக இருக்கும் வீட்டை இல்லை என்று பொய் சொல்வது, 'இன்னாருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்வது, இவை எல்லாம் சட்டவிரோதம். அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்குள்ள சங்கங்கள் ஒரு நல்ல வழியைக் கண்டன. ஒரே வீட்டுக்குக் கறுப்பர் ஒருவரையும் வெள்ளையர் ஒருவரையும் தனித்தனியே அனுப்பி, இருவருக்கும் என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அப்படிச் சோதிக்கப் போனவருக்குப் பொய்த் தகவல் தரப்பட்டால் அவரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஏற்றது.

'என் வீடு, என் விருப்பம்' என்பவர்களுக்கு

'காசு போட்டு வாங்கிய வீடு. யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்' என்பது வலுவான வாதம் போலத் தோன்றும். ஒரு காலத்தில் உணவு விடுதிக்காரரும் இதையே சொன்னார். 'என் ஓட்டல், என் டம்ளர்' என்றார். அரசியல் சட்டம் அவரிடமிருந்து ஓட்டலைப் பறிக்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்னது. ஓட்டல் மூழ்கிவிடவில்லை. வாடகை கட்ட வக்கிருக்கிறதா, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வாரா என்று விசாரிக்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. குப்பை, சாக்கடை, இரவுச் சத்தம் பற்றி சொசைட்டி விதி வைக்கலாம். அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை விடுபவருக்குச் சில விலக்குகள் தரலாம். அமெரிக்கச் சட்டமும் தந்தது. ஆனால் பத்து வீடு வைத்து வாடகைத் தொழில் நடத்துகிறவர் பிறப்பைப் பார்த்துக் கதவடைக்கும் உரிமையைக் கேட்க முடியாது.

எல்லாரும் சேர்ந்து வாழ்ந்தால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறவர்கள் எந்த இரயில்வே காலனிக்கும் வந்து பார்க்கட்டும். அங்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்குவது பதிவேட்டு வரிசைப்படி. பீகார்க்காரர் கதவுக்கு எதிரே ஆந்திரக்காரர், மேல்மாடியில் மராத்தியர், கீழே நம்மவர். ஒரு வீட்டில் மீன் வறுக்கும் வாசம், அடுத்த வீட்டில் ஊதுவத்தி வாசம். எவர் ஆசாரமும் கெட்டுப்போனதாக இலாகாவுக்குப் புகார் வந்து நாம் கண்டதில்லை.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

பிறரைக் கேட்கும் முன்பு நம்மவரையும் கேட்க வேண்டும். தாராவியில் மாடி எடுத்துக் கட்டி இரண்டு அறை வாடகைக்கு விடும் தமிழர், வந்து நிற்கும் தமிழனிடம் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று தொடங்கி, "ஊரில் எந்தத் தெரு?" என்று முடிப்பது ஏன்? அந்தக் கடைசிக் கேள்வி எதற்கென்று இருவருக்கும் தெரியும். சென்னையில் 'சைவர்களுக்கு மட்டும்' என்ற பலகை தொங்கவில்லையா? அங்கே கட்டட வேலைக்கு வந்த பீகாரிக்கும் ஒடியாக்காரருக்கும் வீடு தர மறுக்கிறவர், இங்கே 'மதராசி' என்று நம்மை மறுத்தவரிடமிருந்து எந்த வகையில் வேறுபட்டவர்? நம் சங்கத்து உறுப்பினர் வீட்டில் இந்தக் கேள்வி ஒலிக்கும்வரை, சட்டமன்ற வாசலில் நம் குரலுக்கு வலு இருக்காது.

நம் கோரிக்கைகள்

1. கூட்டுறவுச் சங்கமும் வாடகையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தில்லியைக் காட்டித் தப்பிக்க முடியாது. 1960ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தையும், 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தையும் திருத்தி, சாதி, மதம், மொழி, பிறந்த இடம், பால், உணவு பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்க.

2. 2017, 2019 சட்டங்களில் உள்ள அதே வாக்கியத்தை எல்லாக் குடிமக்களுக்கும் நாடாளுமன்றம் விரிவாக்குக.

3. நாளிதழிலும் கைபேசியிலும் வரும் 'சைவர்களுக்கு மட்டும்', 'இன்ன சமூகத்தாருக்கு மட்டும்' என்ற வீட்டு விளம்பரங்களைத் தடை செய்க.

4. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு பெறும் தரகர்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற நிபந்தனை விதிக்க. மீறினால் பதிவை நீக்குக.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வீடு வாங்குபவர் சொசைட்டி உறுப்பினர் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். பதிவாளரிடம் மேல்முறையீடு உண்டு. வாடகை மறுக்கப்பட்டவர் தேதி, நேரம், கட்டடம், சொன்னவர், சொன்ன சொல் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பட்டியல் சாதித் தோழர்கள் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். தனியாகப் போகாமல் சங்கத் தோழர் இருவரை உடன் அழைத்துப் போங்கள். 'வீடு போய்விட்டது' என்று பதில் வந்தால், மறுநாள் வேறு பெயருள்ள ஒரு நண்பரை விட்டு அதே வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு பதிலும் தாளில் ஏறட்டும்.

அலுவலகத்தில் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. கோப்பில் ஏறாதது நடக்காதது. நம் மக்களுக்கு மறுக்கப்பட்ட வீடுகள் ஆயிரம் இருக்கலாம். அவற்றில் ஒன்றுகூட எந்தக் கோப்பிலும் இல்லை. அதனால்தான் அமைச்சர்கள் 'அப்படி எதுவும் இல்லையே' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சங்கத்தில் ஒரு பதிவேடு திறப்போம். கிளைதோறும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். மறுத்த கதவுகளின் கணக்கை வரிசை எண் போட்டு எழுதுவோம். அந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மந்திராலயத்தின் படியேறுவோம். அப்போதும் 'இல்லை' என்று சொல்கிறார்களா, பார்ப்போம்!